மன்னார் முத்தின் படிகச் சமச்சீர்

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி ஒரே பொருளை இரண்டு விதமாக அடுக்குகிறது. ஓட்டின் வெளிப்படை கல்சைட்டு என்னும் படிகம். உள்ளே மினுங்கும் படையும், அதே படையால் உருவாகும் முத்தும் அரகோனைட்டு. இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான். வேதிப் பகுப்பாய்வு இரண்டையும் ஒன்றென்றே சொல்லும். அணுக்கள் நிற்கும் ஒழுங்கில்தான், அதாவது சமச்சீரில்தான், வேறுபாடு. குவாண்டம் பௌதிகவியலில் குலக் கோட்பாடு என்ன வேலை செய்கிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு அப்பால் சிப்பிகள் படிந்து வாழும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள், பொய்த்துப்போவதன் காரணத்தை அறிய வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் இங்கே வந்தார். அவருடைய அறிக்கையை இலண்டன் ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. அவர் உயிரியலாளர்; நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றியே முத்து விளைகிறது என்ற கருத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. பிற்காலத்தில் அக்கருத்து செல்வாக்கிழந்தது. முத்தின் ஒளியைப் பௌதிகமாகப் பார்த்தவர் சி. வி. இராமன். சிப்பி ஓடுகளின் வானவில் நிறங்களைப் பற்றி 1930களிலும், டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்துகளைப் பற்றி 1954இலும் எழுதினார். தம் பெயர் தாங்கிய இராமன் விளைவை, அதாவது அணுக்களின் அதிர்வுகளால் சிதறும் ஒளியின் நிறம் சற்றே மாறுவதை, அவர் அங்கே பெரிதும் நாடவில்லை என்பது வேடிக்கை.

ஒரு பொருளைத் திருப்பியோ பிரதிபலித்தோ வைத்த பிறகும் அது முன்போலவே தோன்றினால் அச்செயல் ஒரு சமச்சீர்ச் செயல். அத்தகைய இரண்டைத் தொடர்ந்து செய்தால் வருவதும் சமச்சீர்ச் செயலே. ஒவ்வொன்றையும் மீட்டெடுக்கும் எதிர்ச்செயலும் உண்டு. இவற்றின் முழுத் தொகுதியே குலம். ஒரு பொருளின் சக்தியை நிர்ணயிக்கும் சமன்பாடு இச்செயல்களால் மாறாதென்றால், அதன் குவாண்டம் நிலைகள் தாறுமாறாக இருக்க முடியாது. அக்குலத்தின் மேலும் உடைக்க முடியாத வகைக்குறிப்புகளின்படி, அதாவது இச்செயல்கள் நிலைகளைத் தமக்குள் கலக்கும் விதங்களின்படி, அவை கூட்டங்களாகப் பிரியும். ஒரு வகைக்குறிப்பின் பரிமாணம், அதாவது அதில் கலக்கும் நிலைகளின் எண்ணிக்கை, இரண்டு என்றால் அதைச் சேர்ந்த இரண்டு நிலைகளுக்கும் ஒரே சக்தி. ஹேர்மன் வைல், யூஜின் விக்னர் ஆகியோர் 1920களின் இறுதியில் இதை நிலைநாட்டினார்கள். அக்காலத்தில் இந்தக் கணிதத்தைக் கொள்ளைநோய் என்று கேலிசெய்த பௌதிகவியலாளர்களும் உண்டு. 1929இல் ஹன்ஸ் பேத்தே, தனி அணுவின் ஒத்த சக்தி நிலைகள் படிகத்துக்குள் எப்படிப் பிளவுபடும் என்பதை இதே முறையில் கணித்தார்.

காபனேற்று அயன் ஒரு தட்டையான சமபக்க முக்கோணம்: நடுவில் காபன், முனைகளில் மூன்று ஒட்சிசன். தனித்து நின்றால் அதற்கு 12 சமச்சீர்ச் செயல்கள். அதன் அதிர்வுகளில் ஒன்றில் மூன்று ஒட்சிசன்களும் ஒன்றாக வெளியே போய் உள்ளே வருகின்றன. இந்த அதிர்வுக்கு இணை இல்லை. முக்கோணம் தன் தளத்திலேயே வளையும் அதிர்வோ இரண்டு. 120 பாகை திருப்பினால் அவை தமக்குள் கலந்துவிடுவதால் இரண்டுக்கும் ஒரே சக்தி.

கல்சைட்டில் அயன் அமரும் இடத்தில் ஆறு செயல்கள் எஞ்சுகின்றன. 120 பாகைச் சுழற்சி அவற்றுள் ஒன்று. ஆகவே வளைவு அதிர்வு பிளவுபடாது. இராமன் நிறமாலையில் 712 செ.மீ⁻¹ அருகே ஒரே கோடு. அரகோனைட்டில் எஞ்சுபவை இரண்டே: ஒன்றும் செய்யாமல் விடுவது, ஒரு தளத்தில் பிரதிபலிப்பது. அவ்வளவு சிறிய குலத்துக்கு இருபரிமாண வகைக்குறிப்பே கிடையாது. இரண்டு அதிர்வுகளையும் ஒரே சக்தியில் கட்டிவைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. 701, 705 என இரு கோடுகள் தோன்றுகின்றன. இணையில்லாத முதல் அதிர்வு இரு படிகங்களிலும் 1085 அருகிலேயே நிற்கிறது. அதன் ஒரு குவாண்டத்தின் சக்தி ஏறத்தாழ 0.13 இலத்திரன்வோல்ற்று. ஒரு முத்தின் மேற்படை எதனால் ஆனது என்று அறிய விரும்பும் இரத்தினக்கல் ஆய்வுகூடம் 1085ஐ அல்ல, 700ஐச் சுற்றியுள்ள பகுதியையும் 300க்குக் கீழுள்ள பகுதியையுமே பார்க்க வேண்டும்.

மொத்தம் எத்தனை கோடுகள் வரலாம் என்பதையும் சோதனைக்கு முன்பே எண்ணலாம். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இராமனின் மாணவர் சூரி பகவந்தமும் கணிதர் டி. வெங்கடராயுடுவும் 1939இல் படிகங்களுக்கான இம்முறையை வெளியிட்டார்கள். 1948இல் பௌதிகத்தில் குலக் கோட்பாட்டைப் பற்றிய அவர்களுடைய நூல் வால்டேரில் வெளிவந்தது. படிகம் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. மீளமீள வரும் ஓர் அலகுக்கூடு போதும். கல்சைட்டுக் கூட்டில் 10 அணுக்கள், 30 அசைவு முறைகள். இராமன் கோடுகள் 5. அரகோனைட்டுக் கூட்டில் 20 அணுக்கள், 60 முறைகள். இராமனில் அனுமதிக்கப்பட்டவை 30. இவற்றுள் பல மங்கலாக இருப்பதால் நடைமுறையில் அத்தனையும் தென்படுவதில்லை. இரு படிகங்களுக்கும் தலைகீழாக்க மையம் உண்டு: ஒவ்வோர் அணுவையும் அப்புள்ளியூடே எதிர்ப்புறம் கொண்டுபோனாலும் படிகம் மாறாது. அதனால் இராமனில் தெரியும் எந்த அடிப்படை அதிர்வும் அகச்சிவப்பு உறிஞ்சலில் தெரியாது.

ஆனால் கல்சைட்டின் வளைவு அதிர்வுக் கோடு ஏன் 712இல் விழுகிறது, 650இல் ஏன் விழவில்லை என்று குலத்தைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு அணுக்களிடையேயான விசைகள் தெரிய வேண்டும். இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்ற வியாபாரியின் கேள்விக்கும் இங்கே விடை இல்லை: இரண்டின் மேற்படையும் அரகோனைட்டே. அதற்கு எக்ஸ் கதிர்ப் படம் வேண்டும்.

இதே எண்ணும் முறை மன்னார்த் தீவின் கனிம மணலுக்கும் பொருந்தும். அகழ்வுத் திட்டத்துக்கு எதிராகத் தீவு மக்களைத் திரளச் செய்த இல்மனைட்டுக்கு 10 இராமன் முறைகள், அதோடு கலந்து கிடக்கும் ரூட்டைலுக்கு 4, சிர்க்கோனுக்கு 12.