மலைமேல் மீண்டும் ஒலித்த பள்ளி மணி

1576-ஆம் ஆண்டு மிலான் நகரைக் கொள்ளை நோய் பற்றியது. மக்கள் வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்று நகர ஆட்சியினர் தடை விதித்தனர். பேராயர் சார்லஸ் பொரோமேயு அத்தடையை எதிர்த்து நிற்கவில்லை. தெருச் சந்திகளில் பலிபீடங்களை எழுப்பச் செய்தார். அடைபட்டிருந்தோர் சன்னல் வழியாகவும் வாசற்படியில் நின்றும் திருப்பலியில் பங்கேற்றனர். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றோர்க்கு இது பழகிய செய்தி. ஆனால் அதே பொரோமேயுதான் தம் மறைமாவட்டத்தில் சிறுவர்க்கான மறைக்கல்விப் பள்ளிகளைப் பெருக்கியவர் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பீடத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாம். பள்ளியை எங்ஙனம் கொண்டுவருவது?

இவ்வினா 2020-இல் நம் முன் வந்து நின்றது. கொள்ளை நோய்க் காலங்களில் நம் முன்னோர் புனித செபஸ்தியாரையும் ஆரோக்கியநாதரையும் வேண்டி நின்றனர். கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயிலே உண்டு. எச்சமயத்தாராயினும், இடர் வந்தபோது கூடுவதே வழக்கமாக இருந்தது. இம்முறையோ கூடுவதே இடராயிற்று. அவ்வாண்டு மார்ச் 27 அன்று ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், 1522-ஆம் ஆண்டு உரோமையில் கொள்ளை நோய் பரவியபோது பவனியாக எடுத்துச் செல்லப்பட்ட சிலுவையை அங்கே வைத்திருந்தார். சிலுவை அதுவே, அன்று அதன்பின் நடந்த கூட்டம் மட்டும் இல்லை.

நீலகிரியில் பள்ளிக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு நீண்டது. 1603-இல் கள்ளிக்கோட்டையிலிருந்து மலையேறிய இயேசு சபைக் குரு பெனிசியோ, இங்கே பண்டைக் கிறிஸ்தவர்கள் வாழ்வதாகக் கேள்வியுற்று வந்தார். தோடரையும் படகரையும் கண்டு எழுதிவிட்டுத் திரும்பினார். பள்ளி வர இன்னும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குன்னூர் புனித வளனார் ஆண்கள் பள்ளி 1888-இல் எழுந்தது. 1955-இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து உதகை தனி மறைமாவட்டமாகப் பிரிந்து, அந்தோனி படியறை முதல் ஆயரானார். 1966-இல் தார்பு புனித வளனார் சபை அருட்சகோதரிகள் குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியைத் தொடங்கினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறின. மலைக்கு ஏறிவந்த ஐரோப்பியர் பிள்ளைகளை மனத்தில் கொண்டு தொடங்கிய கல்விப்பணி, தேயிலைக் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கும் உரியதானது இவ்வாறுதான். நம் பள்ளிகளின் உண்மையான பெருமையை நான் காண்பது இந்தப் பிற்பகுதியில்தான்.

2020 மார்ச் நடுப்பகுதியில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. தோட்டங்களோ நெடுநாள் மூடியிருக்கவில்லை. பாதித் தொழிலாளரைக் கொண்டு வேலை செய்யலாம் என்று ஏப்ரலிலேயே நடுவண் அரசு இசைந்தது. பெற்றோர் காலையில் தோட்டத்துக்குச் சென்றனர். பிள்ளைகள் லயத்தில் தனித்திருந்தனர். பாடம் கைப்பேசியில் வந்தது. வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் தந்தையின் சட்டைப்பையில். அலைத்தொடர்பு வேண்டுமெனில் மேட்டுக்கு ஏறவேண்டும்; மழைக்காலத்தில் அதுவும் இயலாது. விடுதி வசதியுள்ள பெரும்பள்ளிகளின் மாணவர் தம் நகர வீடுகளில் அமர்ந்து பாடம் கேட்டனர்; அதே மலையின் லயத்துப் பிள்ளை எதையும் கேட்கவில்லை. சத்துணவு நின்றதால் அரசு அரிசியும் பருப்பும் முட்டையும் வழங்கிற்று. வேண்டிய உதவிதான். எனினும் வரிசையில் அமர்ந்து ஒன்றாக உண்ட சோறு வேறு, பையில் வாங்கிச் சென்ற அரிசி வேறு. நற்கருணை இறையியலைப் பயின்ற நாம் இந்த வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும்.

திருப்பலி நேரலை வந்ததை ஒரு சாதனையாகச் சிலர் பேசினர். அது நோயாளிக்கும் முதியோர்க்கும் பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாடம் எட்டாத லயத்துக்கு நேரலைத் திருப்பலியும் எட்டவில்லை. 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுவரை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் வழிபாட்டிடங்கள் மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. ஞாயிறு மறைக்கல்விக்கு ஞாயிறே இல்லாமற் போயிற்று!

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயில்வோர்க்கு 2021 செப்டம்பர் முதல் நாளில் பள்ளி திறந்தது. சிறுவர்க்குத் திறந்தது நவம்பர் முதல் நாளில், ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களுக்குப் பின். அது புனிதர் அனைவரின் பெருவிழா நாள். அரசு அதை எண்ணியிராது. மறுநாள் இறந்தோர் நினைவுநாள். முதல் வகுப்பிலிருந்து வீடு சென்ற பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தது. முதல் வகுப்புக்கு வந்தவையோ பள்ளி என்பதையே கண்டிராதவை.

எஸ்ரா நூலின் மூன்றாம் இயல் இங்கு நினைவுக்கு வருகிறது. பாபிலோனிலிருந்து மீண்டோர் எருசலேமில் கோவிலுக்கு அடித்தளமிட்டபோது, பழைய கோவிலைக் கண்டிருந்த முதியோர் வாய்விட்டு அழுதனர். மற்றோர் மகிழ்ந்து ஆர்ப்பரித்தனர். எது அழுகை, எது ஆர்ப்பு எனக் கேட்டோர்க்குப் பிரித்தறிய முடியவில்லை. அந்த ஒலியை அடக்கி ஒழுங்குபடுத்த முயலாததே அவ்வேட்டின் சிறப்பு என்பேன். முதல் நாள் காலை வழிபாட்டில் மகிழ்ச்சி மட்டும் ஒலிக்கவேண்டும் என விரும்பிய ஆசிரியரும் இருந்தனர். பெற்றோரைத் தொற்றில் இழந்த பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? இருவரையும் இழந்தோர்க்கு 5 இலட்சம், ஒருவரை இழந்தோர்க்கு 3 இலட்சம் என்று 2021 மே மாதத்தில் அரசு அறிவித்தது. பணம் வங்கியைச் சேரும். அப்பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் அருகில் அமரவேண்டும். அதைச் செய்ய வகுப்பறையால் மட்டுமே இயலும். கிறிஸ்தவர், இந்து, இசுலாமியர் என்று பிரியாமல் நம் பள்ளிப் பிள்ளைகள் இறந்தோர்க்காக ஒன்றாக மௌனம் காப்பதை, மறைக்கல்விப் பாடம் எதற்கும் குறைந்ததாக நான் கருதவில்லை.

திரும்பாதோரும் உண்டு. தோட்டத்திலும் கடையிலும் வேலைக்குச் சேர்ந்துவிட்ட சிறுவர், மணம் முடிக்கப்பட்ட சிறுமியர், சமவெளிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தார். வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி ஆசிரியரும் அருட்சகோதரிகளும் லயம் லயமாக நடந்தனர். சிலர் வந்தனர். 2022 சனவரியில் ஓமிக்ரான் பரவப் பள்ளி மீண்டும் மூடப்பட்டு, பிப்ரவரி முதல் நாளில் திறந்தபோது, அதே பதிவேட்டுடன் இரண்டாம் முறையும் நடக்க நேர்ந்தது.