வரைகலை அட்டைகளின் அளவுப் பட்டியலுக்கு ஓர் உரை

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் புதிய கார்டு ஒன்றையும் ஒப்பிட விரும்புவோர் முதலில் நாடுவது அவற்றின் அளவுப் பட்டியலைத்தான். கடிகார வேகம் இத்தனை மெகாஹெர்ட்ஸ், நினைவகம் இத்தனை எம்.பி., கோர்கள் இத்தனை என இரு வரிசையாக எழுதி, பெரிய எண் எப்பக்கம் நிற்கிறதோ அப்பக்கத்துக்கு வெற்றியை வழங்கிவிடுகிறோம். இவ்வட்டைகளின் முப்பதாண்டு வரலாற்றைச் சற்றே கூர்ந்து நோக்கினால் இம்முறையின் பிழை புலப்படும். எண்கள் மாறியதைப் போலவே, எண்ணுக்கு இடப்புறம் நிற்கும் சொற்களும் பொருள் மாறி வந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் நறுமணத்தைச் சுட்டும் ‘நாற்றம்’ என்னும் சொல்லை இன்றைய பொருளில் படித்து மயங்கும் மாணவனுக்கு உரையாசிரியர் கைகொடுக்கிறார். பழைய கார்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கப் பணம் சேர்க்கும் மாணவனுக்கு அத்தகைய உரை எதுவும் கிட்டுவதில்லை.

1996-இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ கிராபிக்ஸ்’ வெளிவந்தது. வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 4 எம்.பி. அந்த 4 எம்.பி.யும் ஒரே தொகுதி அன்று. திரைக்குச் செல்லும் படத்துக்கு 2, பரப்புகளின் மீது ஒட்டும் டெக்ஸ்ச்சர்களுக்கு 2 எனப் பிரிந்து கிடந்தது; ஒன்றில் மீந்ததை மற்றொன்று எடுத்துக்கொள்ள இயலாது. அதைவிட வியப்பானது, சாதாரண இருபரிமாணத் திரையைக் காட்டவே இவ்வட்டைக்குத் தெரியாது. வேறொரு கார்டின் படத்தைக் கேபிள் வழியாக வாங்கித் திரைக்குக் கடத்தும். முப்பரிமாண விளையாட்டுத் தொடங்கினால் மட்டும் தானே பொறுப்பேற்கும். இன்று நாம் கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லும் பொருளில் வூடூ ஒரு முழுக் கார்டே அன்று எனலாம்.

1999-இல் என்விடியா ‘ஜீஃபோர்ஸ் 256’-ஐ வெளியிட்டு, இதுவே உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்தது. சோனி நிறுவனம் 1994-இலேயே தன் பிளேஸ்டேஷனின் வரைகலைச் சில்லை அப்பெயரால் அழைத்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். என்விடியா அச்சொல்லுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது: வடிவங்களை இடம் மாற்றித் திருப்பும் கணக்கையும் ஒளியூட்டும் கணக்கையும் ஒரே சில்லில் செய்து, நொடிக்குக் குறைந்தது 1 கோடி பலகோணங்களைக் கையாள வேண்டும். அதுவரை அக்கணக்குகளைச் செய்தது கணினியின் மையச் செயலி. வேகம் 120 மெகாஹெர்ட்ஸ்தான். வூடூவின் 50-உடன் இதை ஒப்பிட்டு இரண்டரை மடங்கு என்று கூறினால், வேறு வேலை செய்யும் இருவரின் நடையை ஒப்பிட்டதாகவே முடியும்.

சொல் மயக்கம் பணமயக்கமாக மாறியது 2002-இல். 2001-இல் வந்த ‘ஜீஃபோர்ஸ் 3’-இல், ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் விளையாட்டை எழுதுபவரே நிரலால் தீர்மானிக்க வழிசெய்யும் ஷேடர் வசதி இருந்தது. அதன் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். மறு ஆண்டு ‘ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440’ வந்தது. பெயரில் 3-க்குப் பின் 4. வேகம் 270 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் இரண்டிலும் 64 எம்.பி. பட்டியலைப் படித்தவர் எதை வாங்கியிருப்பார்? ஆனால் எம்எக்ஸ் என்பது ஜீஃபோர்ஸ் 2-இன் வழித்தோன்றல். பிக்சல் ஷேடர் அதில் இல்லை. ‘டூம்’ விளையாட்டைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜான் கார்மக் இப்பெயரீட்டை வெளிப்படையாகவே கடிந்தார். 2003 இறுதியில் வந்த ‘டியஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்’ போன்ற விளையாட்டுகள் ஷேடர் இல்லாத கார்டில் இயங்க மறுத்தன. பழைய 3 வைத்திருந்தவர் விளையாடினார். புதிய 4 வாங்கியவர் விளையாட இயலவில்லை. ‘இல்லை’ என்னும் சொல்லுக்கு அளவுப் பட்டியலில் இடமே இருப்பதில்லை.

இனி ‘கோர்’ என்னும் சொல்லுக்கு வருவோம். 2006 தொடக்கத்தில் வந்த ‘ஜீஃபோர்ஸ் 7900 ஜிடிஎக்ஸ்’-இல் புள்ளிகளுக்கு 24 பாதைகளும் முனைகளுக்கு 8 செயலிகளும் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘8800 ஜிடிஎக்ஸ்’-இல் 128 செயலிகள். 24-உம் 8-உம் 32. ஆகவே நான்கு மடங்கு என்று கணக்கிடுவது எளிது. ஆனால் பழைய பாதை ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை ஆகிய நான்கு கூறுகளை ஒருசேரக் கையாண்டது. புதிய செயலி ஒரு கூறையே கையாளும். அவ்வகையில் பார்த்தால் 32 × 4 = 128; எண்ணிக்கை ஏறவே இல்லை! ஏறியது வேறிடத்தில். செயலிகளின் வேகம் 1350 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. முனைக்கென்றும் புள்ளிக்கென்றும் பிரிந்திருந்த சாதிப்பிரிவு ஒழிந்து, எச்செயலியும் எவ்வேலையும் செய்யலாம் என்றாயிற்று.

2007 மே மாதம் ஏஎம்டியின் ‘ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி’ 320 செயலிகளுடன் வந்தது. நினைவகப் பாதையும் 512 பிட். 8800-இன் பாதையோ 384 பிட். இவ்விரு எண்களை மட்டும் பார்த்தவர் 8800 வீழ்ந்தது என்றே எண்ணுவர். விளையாட்டுகளில் ரேடியான் அதை எட்டவில்லை. அந்த 320 என்பது ஐந்தைந்தாகக் கட்டப்பட்ட 64 கட்டுகள். ஒரு கட்டின் ஐந்துக்கும் ஒன்றையொன்று சாராத வேலை கிடைத்தால்தான் ஐந்தும் உழைக்கும்; இல்லையேல் சில சும்மா இருக்கும். வேகமும் 740 மெகாஹெர்ட்ஸ் அளவே. ஒரு நிறுவனத்தின் கோரை மற்றொரு நிறுவனத்தின் கோரோடு ஒப்பிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் இதே கதைதான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 580-இல் 512 கோர்கள். 2012-இல் வந்த 680-இல் 1536. மூன்று மடங்கு வேகம் வரவில்லை. கோர்களின் கடிகாரம் 1544-இலிருந்து 1006 மெகாஹெர்ட்ஸாக இறங்கியிருந்தது. 2020-இன் ஆர்டிஎக்ஸ் 3080-இல் 8704. அவற்றுள் பாதி, முழு எண் கணக்கு வரும்போது பின்ன எண் கணக்கை நிறுத்திவிட்டு அதற்குப் போகவேண்டியவை.

நினைவகத்தின் கதை வேறுவிதம். 2006-இன் 8800 ஜிடிஎக்ஸிலும் 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090-இலும் பாதையின் அகலம் அதே 384 பிட். கடத்தும் அளவோ நொடிக்கு 86.4 ஜி.பி.யிலிருந்து 1008 ஜி.பி.யாக உயர்ந்துள்ளது. (4090 சில்லின் உள்ளேயே இருக்கும் இரண்டாம் நிலைக் கேஷ் மட்டும் 72 எம்.பி.; வூடூவின் மொத்த நினைவகத்தைப்போல் 18 மடங்கு.) 2014-இன் ஜிடிஎக்ஸ் 970-இல் அட்டைப் பெட்டியில் 4 ஜி.பி. என்றிருந்தது. அதில் 3.5 மட்டுமே முழு வேகத்தில் இயங்கும், எஞ்சிய அரை ஜி.பி. மிக மெதுவானது என்பது 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. வழக்கு நடந்து, 2016-இல் அமெரிக்காவில் வாங்கியவர்க்கு ஆளுக்கு 30 டாலர் தர என்விடியா இசைந்தது.

இத்தனைக்கும் பிறகு, விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் வருகின்றன என்று எண்ணினால் போதும் என்பர் பட்டறிந்தோர். நெடுங்காலம் அது சரியாகவே இருந்தது. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, 4090-இன் திறனைத் தரும் என மேடையில் அறிவித்தார். 5070-இல் 6144 கோர்கள், 12 ஜி.பி.; 4090-இல் 16384 கோர்கள், 24 ஜி.பி. இடைவெளியை நிரப்புவது செயற்கை நுண்ணறிவு: கார்டு ஒரு சட்டகத்தைக் கணக்கிட்டு வரைந்தால், மேலும் மூன்றுவரை ஊகித்துச் செருகுகிறது. விளையாடுபவர் விசையை அழுத்தியதற்கு மறுமொழி சுமந்து வருவது வரைந்த அந்த ஒன்றுதான். அவ்வுதவியை நிறுத்திவிட்டு அளந்தவர்களுக்கு 5070, 4090-க்கு வெகு தொலைவு பின்தங்கியே காணப்பட்டது.