சுராங்கனியும் சின்ன மாமியும்: ஒற்றைப் பாட்டில் நிற்கிற பாடகர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஒரேயொரு பாட்டால் உலகமெல்லாம் தெரியவந்து, பிறகு பேச்சுமூச்சில்லாமற் போன பாடகர்களுக்கு மேல்நாட்டில் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். 'மக்கரேனா' எங்கள் பலருக்கு நினைவிருக்கும். 1996 இல் அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதைப் பாடிய லொஸ் டெல் ரியோ இருவரும் ஸ்பெயினின் செவில் நகரப் பக்கத்துக்காரர். 1960களிலிருந்தே பாடி வந்தவர்கள், அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உலகம் அவர்களை நேற்று முளைத்தவர்களாகப் பார்த்தது, அடுத்த வருடமே மறந்தும் விட்டது.

எங்கள் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். முதலாவது ஆள் ஏ. ஈ. மனோகரன். தமிழ்நாட்டார் 'சிலோன் மனோகர்' என்பார்கள், நாங்கள் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்போம். அங்கே எவரைக் கேட்டாலும் அவருடைய ஒரே பாட்டு 'சுராங்கனி'. ஒருத்திக்கு மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்று கூப்பிட்டுப் பாடுகிற பைலாப் பாட்டு. அவ்வளவுதான் விஷயம். தத்துவம் எதுவும் இல்லை, அதனால்தான் நின்றது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தப் பாட்டு எப்படிக் கடல் தாண்டியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டுக் கரையோரமெல்லாம் தெளிவாகக் கேட்கும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் இங்கே எவ்வளவு பழக்கமோ அங்கேயும் அவ்வளவு பழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பாட்டு நிலைக்க வேண்டுமென்றால் அது படத்துக்குள் போக வேண்டும். படத்துக்கு வெளியே பிறந்த பாட்டுக்கு அங்கே வாசல் மிகச் சிறிது. 1977 இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் சுராங்கனி அந்த வாசலால் உள்ளே போனது. பாட்டு தப்பியது. பாடியவரோ கூட்டத்தில் ஒருவரானார். பிறகு மனோகரன் தமிழ்நாட்டிலேயே தங்கிப் பல படங்களில் நடித்து, 2018 ஜனவரி 22 இல் சென்னையில் காலமானார். இங்கே அவர் 1978 இல் வந்த 'வாடைக்காற்று' படத்தின் நடிகர். செங்கை ஆழியானின் நாவலைப் பேசாலைக் கரையில் எடுத்த படம் அது. இங்கே மேடை மேடையாகப் பல பாட்டுப் பாடிய மனிதர், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பாட்டுக்காரர்.

ஜப்பானிய பாடகர் கியூ சகாமோட்டோவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 'மேலே பார்த்தபடி நடக்கிறேன்' என்று பொருள்படும் அவருடைய பாட்டு 1963 இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம் பிடித்தது. ஜப்பானியப் பெயரைச் சொல்ல வாய் வராதென்று அங்கே அதற்கு 'சுகியாக்கி' என்று பெயர் வைத்தார்கள். சுகியாக்கி என்பது மாட்டிறைச்சிச் சாப்பாடு ஒன்று! கண்ணீரை மறைத்துக்கொண்டு நடக்கிற சோகப் பாட்டுக்கு 'ஆட்டிறைச்சிக் கறி' என்று பெயர் வைத்த மாதிரி. ஜப்பானில் அவர் பெரிய நட்சத்திரம். 1985 இல் 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் அவரும் இறந்தார். ஒருவரை ஒற்றைப் பாட்டுக்காரர் ஆக்குவது பெரும்பாலும் கேட்கிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதுதான்.

இனி எங்கள் வேலிக்குப் பக்கத்தில் வருவோம். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் உரும்பிராயைச் சேர்ந்தவர். சைக்கிளில் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வரலாம். மாமியிடம் மகள் எங்கே என்று விசாரிக்கிற அந்தப் பாட்டு யாழ்ப்பாணப் பேச்சைப் பேச்சாகவே மேடையில் ஏற்றியது. கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும்தான் பாட்டு என்றிருந்த இடத்தில் இது பெரிய துணிச்சல். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டும் அவருடையதுதான். குடிக்காதே என்று சொல்கிற அந்தப் பாட்டைக் கலியாண வீடுகளில் உரத்துப் பாடுகிறவர்கள் தவறணையிலிருந்து நேரே வந்தவர்களாக இருப்பார்கள், அது வேறு கதை. அவர் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். திருகோணமலையின் பரமேஸ் – கோணேஸ் சகோதரர்களையும் இங்கே சொல்ல வேண்டும். 'உனக்குத் தெரியுமா' என்று தொடங்கினால் போதும், அறுபது தாண்டிய அண்ணன்மார் மிச்சத்தைப் பாடி முடிப்பார்கள்.

ஏன் அந்தக் காலத்தில் மட்டும் இவ்வளவு பாட்டு? 1970 இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. இந்தியச் சஞ்சிகைகள் வருவது குறைந்தது, உள்ளூர்ச் சரக்குக்கு இடம் கிடைத்தது. அதே கட்டுப்பாட்டால்தான் எங்கள் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் காசாக விளைந்தன. தோட்டக்காரன் கையில் காசு புழங்கினால் கோயில் திருவிழாவில் இசைக்குழுவும் ஏறும். 1977 இல் கதவு திறந்தது. கசெற் ரெக்கோடர்கள் வந்தன, இந்தியப் படப்பாட்டு வெள்ளமாக வந்தது, உள்ளூர்ப் பாட்டு ஒதுங்கியது. 1983 இற்குப் பிறகு பாடியவர்களும் கேட்டவர்களும் நாலா திசைக்கும் போனார்கள். இரண்டாவது பாட்டு வராமற் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. பாட அடுத்த மேடை இருக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது கசெற்றையும் இசைத்தட்டையும் யார் தூக்கினார்கள்? பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்றொரு கிராமம். போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் பாடும் 'மன்ஜா' பாட்டுகளும் 'கபிரிஞ்ஞா' தாளமும் பைலாவின் வேர்களுக்கு மிகக் கிட்டியவை. 'பைலா' என்ற பெயரே ஆடுதல் என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. பொலிஸ் உத்தியோகத்தரான வாலி பஸ்தியன்ஸ் போன்றவர்கள்தான் அதைச் சிங்களப் பாட்டாக நாடெங்கும் பரப்பினார்கள். பிறகு ஒரு தமிழர் அதைச் சுராங்கனியாகப் பாடினார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட நாங்கள் அந்தத் தாளத்தின் வேருக்குப் பக்கத்தில் போய் ஓலைக் கொட்டில் போட்டோம்.

அதே வருடங்களில் இங்கே நீர்வேலியில் மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டதை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரின் குரலும் இழுபடுமாம்.

இசை பற்றி எங்கள் மார்க்கத்தில் இருக்கிற கருத்து வேறுபாடு தெரியாமல் இதை எழுதவில்லை. இது சரித்திரம். சொல்லப்போனால் நாகூர் ஈ. எம். ஹனீபாவும் எங்கள் தமிழ்ச் சகோதரர்களுக்கு ஒற்றைப் பாட்டுக்காரர்தான். 'இறைவனிடம் கையேந்துங்கள்' எல்லோருக்கும் தெரியும். 2015 இல் காலமான அந்த மனிதர் அதைத் தவிர எவ்வளவு பாடினார், திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் எவ்வளவு காலம் முழங்கினார் என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 இல் யோஹானி பாடிப் பரவிய 'மெனிகே மகே ஹிதே' மட்டும் தலைகீழ்ப் பாடம். அதுவும் அடுத்த வருடமே ஒரு ஹிந்திப் படத்துக்குள் போய்விட்டது. சுராங்கனி போன அதே வழி, நாற்பத்தைந்து வருடம் கழித்து. அந்தப் பாட்டை முதலில் 2020 இல் பாடிய சதீஷனின் பெயரைக் கேட்டால் வகுப்பில் பதில் இல்லை.

பரணில் பழைய இசைத்தட்டோ, ஊர்த் திருவிழாவில் பதிந்த கசெற்றோ கிடந்தால் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். நாடா பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பெரும்பாலும் துடைத்து எடுக்கலாம். எங்களிடம் தந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். கசெற் இல்லாதவர்கள் பின்னூட்டத்தில் பாட்டின் பெயரையும், பாடியவர் பெயரையும், எந்த வருடம் எந்த மேடையில் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.