அரங்கேற்றமும் அஞ்சல் உறையும்

நூலொன்றை எழுதி முடிப்பதோடு புலவனின் கடமை முடிந்துவிடுவதில்லை. எழுதியதை அறிந்தோர் அவையில் வைத்து, அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூறி, ஏற்புப் பெற்ற பின்னரே அது நூல் என மதிக்கப்பெறும். இவ்வழக்கத்தையே நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். இன்று நம் வீட்டுப் பிள்ளையொருவர் தம் கவிதையையோ கட்டுரையையோ இதழொன்றுக்கு அனுப்பிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கிறாரே, அதுவும் அவ்வழக்கத்தின் மறுவடிவமேயாகும். அவை எவ்வாறு ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது, வரும் வழியில் எதனை இழந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

படைப்பு மட்டுமன்று, திறனாய்வும் அவையேறியே தீர வேண்டும் என்பது தமிழ் மரபு. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்னும் வழக்கு எழுந்தது. அதனைத் தீர்க்க உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை இருத்தி ஒவ்வொருவரும் உரை வாசித்தனர் என்றும், நக்கீரர் உரையைக் கேட்டபோது அச்சிறுவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான் என்றும் அவ்வுரை நூலே கூறுகிறது. இதனைப் புராணக் கதையென்று ஒதுக்குவார் ஒதுக்கலாம். எனினும் அக்கதை உணர்த்தும் கருத்து ஒதுக்கத் தக்கதன்று. பிறர் நூலுக்கு உரை கூறப் புகுந்தவரும் தம் உரையைப் பிறர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தினர் என்பதே அது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அது நிறைவெய்தியது என்பது மரபாக வழங்கும் செய்தி. அத்தகைய பெருங்காப்பியத்தின் முகப்பிலும் அவையடக்கப் பாடல்கள் உள்ளன. கேட்போர் உண்டு, குறை காண்போர் உண்டு என்னும் உணர்வோடுதான் அப்பெரும் புலவரும் எழுதினார். அக்காப்பியம் 1842-இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது.

அச்சு வந்தபின் அவை கலைந்தது. நூல் வாசகர் கைக்கு நேரே சென்றது. பின்னர் வார, மாத இதழ்கள் பெருகின. எதனை வெளியிடுவது, எதனை விடுப்பது என்பதை ஆசிரியர் ஒருவரே தீர்மானிக்கும் நிலை உண்டாயிற்று. அரங்கில் நின்ற புலவனுக்குத் தன் பாட்டில் எவ்விடம் பிழை என்று செவியாரக் கேட்கும் வாய்ப்பு இருந்தது. இதழுக்கு அனுப்பிய எழுத்தாளனுக்கோ பெரும்பாலும் ஒரு வரி மறுப்பே கிட்டியது. அதுவும் கிட்டாதோர் பலர். படைப்பு வெளிவந்தாலும் அதனைக் குறித்து ஆராய்ந்து பேசுவார் அரியராயினர். பாராட்டு மிகுந்தது, மதிப்பீடு குன்றியது.

இக்குறையை உணர்ந்து செயலாற்றியவர் சி. சு. செல்லப்பா. 1912-இல் பிறந்த அவர், மணிக்கொடியில் சிறுகதை எழுதி அறிமுகமானவர். தம் எழுத்தைப் பிறர் இதழுக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலையையும் அறிந்தவர். அவர் 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்னும் மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். விமரிசனத்துக்கு முதலிடம் தருவதென்பது அவ்விதழின் நோக்கம். ஆயினும் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ முதல் இதழிலேயே இடம்பெற, புதுக்கவிதைக்கும் அதுவே தாயகமாயிற்று. நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்னும் பெயரில் கவிதை எழுதினார். இலங்கைத் திருகோணமலையிலிருந்து இருபது வயதினரான தருமு சிவராமுவின் கவிதைகளும் கட்டுரைகளும் கடல் கடந்து வந்தன. பிரமிள் என்று பிற்காலத்தில் அறியப்பட்டவர் அவரே. அரசுப் பணியின் பொருட்டு வடநாட்டில் வாழ்ந்த வெங்கட் சாமிநாதனும் அவ்வேட்டில் எழுதியே விமரிசகராக உருவானார். எவருடைய பரிந்துரையும் வேண்டாது, அஞ்சல் உறையே இவர்களை அவைக்குள் அழைத்து வந்தது.

யாப்பை விடுத்த எழுத்து கவிதையாகுமா என்னும் வினா அக்காலத்தில் கடுமையாக எழுந்தது. செல்லப்பா அதற்கு அஞ்சவில்லை. விவாதத்திற்குத் தம் இதழிலேயே இடமளித்தார். படைப்பைப் பகுதி பகுதியாக அலசிக் காரணம் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. தேர்ந்த வாசகனின் சுவையுணர்வே அளவுகோல் என்பது க. நா. சுப்ரமண்யத்தின் நிலை. இருவரும் கருத்தில் மாறுபட்டனர். அம்மாறுபாட்டால் தமிழ் விமரிசனமே வளம் பெற்றது. 1962-இல் ‘எழுத்து’க் கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என நூலுருப் பெற்றன. அந்நூல் புதுக்கவிதையைக் கல்லூரி மாணவர்வரை கொண்டு சேர்த்தது.

அதற்குச் செல்லப்பா கொடுத்த விலை சிறிதன்று. பொருள் வரவு இல்லை. தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றார். 119 இதழ்கள் வெளிவந்தபின் 1970-இல் ‘எழுத்து’ நின்றது. 1998-இல் அவர் மறைந்தார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பின்னரே, 2001-இல் வந்தது. விற்பனையைக் கொண்டு அளப்போர் அவ்விதழைத் தோல்வி என்பர். அதில் எழுதத் தொடங்கியோரின் பட்டியலைக் காண்போர் அவ்வாறு கூறத் துணியார்.

இவ்வரலாறு எழுதுவோர்க்கும் இதழ் நடத்துவோர்க்கும் இல்லத்தார்க்கும் ஒருங்கே பாடமாகும். எழுதுவோர், அனுப்பும் முன் தம் எழுத்துக்குத் தாமே முதல் அவையாக அமர்ந்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று வினவிக்கொள்ள வேண்டும். திறனாய்வோர், நன்றென்றாலும் தீதென்றாலும் காரணம் காட்ட வேண்டும். ஆசிரியர், மறுக்கும்போதும் ஒரு சொல் வழிகாட்டினால் அது வீண்போகாது. இல்லத்தார் பிள்ளையின் எழுத்தைக் கண்டவுடன் புகழ்ந்துவிட்டு அமைதல் கூடாது. அதனை வாய்விட்டு வாசிக்கச் செய்து, விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று அன்போடு சொல்ல வேண்டும். திரும்பி வந்த எழுத்தை நாணத்தோடு மறைத்து வைக்கும் பிள்ளை மறுமுறை எழுதாதிருக்கக் கூடும். அதனை வீட்டார் முன் எடுத்து வைத்துத் திருத்தும் பிள்ளையோ கலைந்துபோன அவையை மீண்டும் கூட்டியவராகிறார்.