33 பக்கக் கடிதமும் ஒரு துண்டு வசம்பும்

ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றில் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்றை எழுதியவர் டாக்டர் இல்லை, ஒரு வக்கீல். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த பீமன் ட்ரிப்லெட் என்பவர் 1938-இல் தன் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கம் டைப் அடித்து, பால்டிமோரில் இருந்த டாக்டர் லியோ கேனருக்கு அனுப்பினார். இரண்டு வயதுக்கு முன்பே பையனுக்கு முகங்களும் பெயர்களும் அசாத்தியமாக நினைவிருந்தது, யார் வந்தாலும் போனாலும் அவன் கண்டுகொள்ளாதது எல்லாம் கேனருக்கு அந்தக் குடும்பத்தின் மூலமாகத்தான் தெரிய வந்தது. 1943-இல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதல் குழந்தை டொனால்ட்.

அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். டாக்டர் நேரில் பார்த்ததைப் போலவே பெற்றோர் சொன்னதற்கும் எடை அதிகம். பின்னால் வந்த விதிகளும் இதே வழியில்தான் போயின. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம், 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'குழந்தைப் பருவ ஆட்டிசம்' என்றே பெயர் வைத்தது. 30 மாதத்துக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்றது. 1994 பதிப்பு அதை மூன்று வயது என்று ஆக்கியது. ஏடிஐ-ஆர் என்ற புகழ்பெற்ற மதிப்பீட்டில் 93 கேள்விகள் உண்டு. எல்லாமே அம்மா, அப்பா அல்லது வளர்த்தவரிடம் கேட்பவை.

சரி, நாற்பது தாண்டிய ஒருவர் போய் "எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்டால்? அவருக்காக யார் சாட்சி சொல்வது?

பெரியவர்களில் ஆட்டிசம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. டொனால்டே வளர்ந்து சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார், 2023-இல் தன் 89-வது வயதில் இறந்தார். 1981-இல் லண்டனைச் சேர்ந்த லோர்னா விங், ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் பற்றி எழுதிய கட்டுரையில் வளர்ந்தவர்களையும் சேர்த்தே விவரித்தார். 2007-இல் இங்கிலாந்தில் 7,461 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஆயிரத்துக்குச் சுமார் 10 பேருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வயது கூடக் கூட அந்த எண்ணிக்கை குறையவில்லை. கடைசியாக 2013-இல் டிஎஸ்எம்-5 ஒரு முக்கியமான வரியைச் சேர்த்தது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையின் நெருக்கடி கூடும்வரை அவை முழுசாக வெளியே தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட பழக்கங்கள் அவற்றை மறைத்தும் இருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அந்த வரியில்தான்.

நம்ம நாட்டுக் கணக்கை என் வயதோடு சேர்த்துப் பார்த்தேன். நான் பிறந்தது 1980 கடைசியில், திண்டுக்கல்லில். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-இல்தான். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் உண்டு, ஆட்டிசம் கிடையாது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தப் பெயர் வந்தது. நான் அப்போது காலேஜ். செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 2009-இல் வெளியானபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. 2016 சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தபோது எனக்கு 36. அந்தச் சட்டமும், இது பொதுவாக முதல் மூன்று வருடங்களில் தெரியவரும் நிலை என்றுதான் வரையறுக்கிறது. என் முதல் மூன்று வருடங்கள் 1983-லேயே முடிந்துவிட்டன. என்னைப் பற்றி யாரும் 33 பக்கம் எழுதி வைக்கவில்லை.

இருக்கிற ஒரே சாட்சி அம்மா. வயது 74. டாக்டர் கொடுத்த கேள்விகளைத் தமிழில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "எல்லாப் பிள்ளைகளையும் மாதிரிதான் இருந்த." அது பொய் இல்லை. குறை சொல்லிப் பழகாத அம்மாவின் பதில் அப்படித்தான் இருக்கும். அதனால் கேள்வியை வேறு மாதிரி கேட்டேன். எனக்காக என்னென்ன வைத்தியம் பார்த்தீங்க, என்ன வேண்டிக்கிட்டீங்க?

கொட்டித் தீர்த்துவிட்டார். "உனக்குப் பேச்சே வரலையேன்னு உங்க அப்பத்தா தினமும் வசம்பு உரசி நாக்குல தடவுவாங்க. பேச்சு வந்தா பழனியில மொட்டை போடுறேன்னு நேந்துக்கிட்டேன். அந்தத் தைப்பொங்கல் வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் பேசுன, ஆனா நாங்க கேட்டதையே திருப்பிச் சொல்லுவ."

இதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. கைக்குழந்தைக்கு வசம்பு தடவாத வீடு நம்ம பக்கம் அரிது. ஆனால் மூன்று வயது தாண்டியும் தடவினார்கள் என்பது வேறு சேதி. வயதைச் சரிபார்க்க ஒரு ஆதாரமும் கிடைத்தது. பழனி அடிவாரத்தில் மொட்டைத் தலையோடு எடுத்த படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை, 1984 மே. ஆக, முதல் பேச்சு அந்த வருடப் பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் நடுவில். எனக்கு அப்போது மூன்றரை வயதுகூட ஆகவில்லை, ஆனால் மூன்று தாண்டியிருந்தது.

தமிழ்க் குடும்பங்களில் ஆவணமே இல்லை என்று சொல்கிறோம். ஆஸ்பத்திரி ஃபைல் இல்லைதான். ஆனால் வேண்டுதலுக்கு ஒரு காரணம் உண்டு, நிறைவேற்றியதற்கு ஒரு தேதி உண்டு. எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான், திருவிழாவில் வேட்டுப் போட்டால் எங்கே ஓடினான், எந்தச் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை என்பதெல்லாம் வைத்தியமாகவும் நேர்த்தியாகவும் கேலிப் பேச்சாகவும்தான் நம்ம வீடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒன்றிரண்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. குழந்தை என்றால் அழத்தான் செய்யும். பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால் டாக்டருக்கு அது பயன்படும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோயறிதல் வேறு, சான்றிதழ் வேறு. சான்றிதழுக்கு இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 என்றால் 40 சதவீதக் குறைபாடு. பேசிப் பழகி, சம்பாதித்து, இருபது வருடம் நடித்துத் தேறிய ஒருவர் அந்த 70-ஐத் தொடுவது கஷ்டம் என்று எனக்குப் படுகிறது. அதனாலேயே மதிப்பீடு வீண் என்று ஆகிவிடாது. வருடக்கணக்காகப் பதற்றத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சிகிச்சையே மாறலாம். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

எனக்கு முடிவு இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் மதுரையில் இரண்டாவது சந்திப்பு. ஆனால் நேரம் குறைவு என்பது தெரிகிறது. அம்மா இப்போதே சில விஷயங்களில் என்னையும் தம்பியையும் மாற்றிச் சொல்கிறார். போன வாரம் வேட்டுச் சத்தத்துக்கு ஓடியது தம்பி என்றார், நேற்று நான் என்றார். அதனால் அவர் சொல்வதை அன்றன்றே தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இதுவரை 11 பக்கம் வந்திருக்கிறது.

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். அறிகுறிகளைக் கேட்க வேண்டாம். உங்களுக்காக எந்தக் கோவிலில் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.