ஏரியும் ஊரும் சேரியும்: உத்திரமேரூர் கற்பிக்கும் பாடம்

ஓர் ஊரை ஆக்குவன இரண்டு. ஒன்று இயற்கை, மற்றொன்று மனிதனின் திட்டம். மழை, ஆறு, நிலத்தின் மேடு பள்ளம் ஆகியவற்றை இயற்கை அளிக்கிறது. அந்த மேட்டில் யார் குடியிருப்பது, பள்ளத்தில் யார் குடியிருப்பது, எவர் வாயிலில் தெரு அமைவது, எவர் குடிசையோடு பாதை நின்றுவிடுவது என்பவற்றை மனிதன் முடிவு செய்கிறான். இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நம் சமுதாயம் அடைந்த தீங்கு சிறிதன்று. மனிதர் செய்த ஏற்பாட்டை இயற்கையின் ஏற்பாடு என்றும், தலைவிதி என்றும் நம் முன்னோர் நம்புமாறு செய்யப்பட்டனர். எனவே, நாம் வாழும் ஊர் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்ந்தறிவது நம் இளைஞர்க்கு இன்றியமையாத கல்வியாகும். அதற்கு நம் உத்திரமேரூரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இயற்கை அளித்தவை

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பர். அதற்குக் காரணம் உண்டு. இப்பகுதியின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்வது. சில நாள்களில் கொட்டித் தீர்ந்து, பின்னர்ப் பல திங்கள் வானம் வறண்டு கிடக்கும். பாலாறும் செய்யாறும் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் அல்ல. செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றன. ஆயினும், வெள்ளம் வரும்போது பிடித்து வைக்காவிடில் அது கடலுக்கே சென்று சேரும்.

நிலமோ மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சாய்வது. இந்தச் சாய்வைக் கண்டறிந்த நம் முன்னோர், அதன் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பினர். கரையின் மேற்புறத்தில் நீர் தேங்கியது, அதுவே ஏரி. மதகு வழியாக நீரை இறக்கிக் கரைக்குக் கீழ்ப்புறம் நெல் விளைத்தனர். மிகுந்த நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரியை அடையுமாறு செய்தனர். இவ்வாறு ஓர் ஏரி மற்றோர் ஏரிக்குத் தாயாக அமைந்த சங்கிலித் தொடர், உலகம் போற்றும் நீரியல் அறிவாகும்.

செய்யாற்று நீரைக் கால்வாய் வழியே பெறும் உத்திரமேரூர்ப் பேரேரி இவ்வகையைச் சார்ந்ததே. பழங்கல்வெட்டுகள் இதனை வயிரமேக தடாகம் என வழங்குகின்றன. இதனைத் தூர்வாரிக் காத்தற்கெனச் செய்யப்பட்ட ஏற்பாடுகளும் அக்கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அவை கொடையளித்தாரைக் கூறுகின்றன, வாரியத்தாரைக் கூறுகின்றன, ஆனால், கூடையில் மண் சுமந்தவரைக் கூறுவதில்லை. மண் சுமந்தவர் பெயரைக் கல் சுமக்கவில்லை.

மனிதன் வரைந்த கோடுகள்

பல்லவர், சோழர் காலங்களில் இவ்வூர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. இது தானே வளர்ந்த ஊர் அன்று. அளந்து அமைக்கப்பட்ட ஊர். கோயில்களின் இடங்கள் ஆகம விதிப்படி திசை நோக்கி வகுக்கப்பட்டன. வயல்களைக் குறிக்கும்போது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் எனக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இன்று நாம் சர்வே எண் கூறுவது போன்றதே இம்முறை. பூமியின் மீது கட்டம் கட்டமாகக் கோடு வரைந்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் முகவரி அளித்த திட்டம் அது.

இத்திட்டத்தை நடத்தியவர் யாவர்? வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளனவும், 1898ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனவுமாகிய முதற் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் இதற்கு விடை தருகின்றன. அவன் ஆட்சியின் 12ஆம், 14ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இக்கால வார்டு ஆகும். குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் இவ்வாறு அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவருடைய உறவினரும் வர இயலாது. கையூட்டுக்கும் உறவுச் சலுகைக்கும் எதிராக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்துணை விதிகள் வகுத்தமை பெருமைக்குரியதே.

2020ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே இக்கல்வெட்டை எடுத்துக்காட்டினார். நம் ஊரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. மகிழ்வோம். ஆயினும், வரலாற்று மாணவன் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. தகுதிப் பகுதியையும் படித்தல் வேண்டும்.

குடவோலையில் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தனக்குரிய மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். அகவை 35க்கு மேலும் 70க்குள்ளும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின், அரைக்கால் வேலி நிலமே போதும். நிலம், மனை, வேதம் ஆகிய மூன்று வாயில்களும் எவருக்கு அடைக்கப்பட்டிருந்தன என்பதை விளக்கத் தேவையில்லை. ஏரி வாரியத்தில் அமர்ந்தவர் வேறு; ஏரிக்கரையில் உழைத்தவர் வேறு. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், பழைய கிராமக் குடியரசுகளைப் போற்றியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுப்புரைத்ததன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. எவரை விலக்கி ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டதோ, அவர்கள் பக்கம் நின்று அவர் அந்த ஊரைப் பார்த்தார்.

சேரி என்னும் சொல்

ஈண்டு இளைஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மேற்கூறிய கல்வெட்டு, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்தின் பன்னிரண்டு சேரிகளைக் குறிப்பிடுகிறது. வேதம் வல்லார் வாழ்ந்த தெருக்களின் பெயரே அன்று சேரி! சேர்ந்து வாழுமிடம் சேரி. அவ்வளவே அதன் பொருள். சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை என்றே ஒரு காதை உண்டு. மதுரை மதிலுக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய அப்புறஞ்சேரி, அறவோர் வாழ்ந்த இடமாகும். ஊருக்குப் புறத்தே இருத்தல் அன்று இழிவன்று.

இழிவு பின்னர் வந்து சேர்ந்தது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அவற்றில் காணப்படுகின்றன. சுடுகாடும் தனித்தனியே குறிக்கப்பெறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மனிதனைப் பிரிக்கும் கோடு நிலத்தின் மீது வரையப்பட்டு, அரசாங்கப் பதிவிலும் ஏறிவிட்டது. காலப்போக்கில் உயர்ந்தோர் தம் சேரிகளுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டனர். சேரி என்னும் பெயர் நம்மிடம் மட்டும் எஞ்சியது.

ஏரிப் பாசன ஊர்களில் நன்செய்க்கு நடுவே நீர் ஏறாத மேட்டு நிலம் குறைவு. அதுவே ஊர் நத்தமாயிற்று. உழைப்பவன் வயலுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். ஆனால், ஊருக்கு அண்மையில் இருத்தல் கூடாது. இவ்விரு விதிகளும் சேர்ந்தபோது, பல ஊர்களில் வயலோரத்தில், நீர் வடியும் பக்கத்தில், மழைக்கு மிதக்கும் மண்ணில் நம் குடிசைகள் அமைந்தன. பள்ளத்தை ஆக்கியது இயற்கை; அப்பள்ளத்தில் நம்மை இருத்தியது இயற்கையன்று.

மனையுரிமை வரலாறு

பள்ளமேயாயினும், அம்மனையும் நமக்குச் சொந்தமாக இருக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், 1891ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். சேரி மனைகளையும் மிராசுதாரர் தமதெனக் கூறுவதையும், எதிர்த்துப் பேசும் உழைப்பாளியைக் குடிசையை விட்டே வெளியேற்ற இயலும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். குடியிருக்கும் மனை பிறனுக்கு உரியதாயின், கூலி கேட்கும் வாயும் பிறனுக்கு அடங்கியதே. இவ்வறிக்கையின் பயனாக 1892ஆம் ஆண்டில் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களின் தோற்றுவாய். இன்று தமிழ்நாடெங்கும் பேசப்படும் அவ்வுரிமை நம் மாவட்டத்து மண்ணில் முளைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மனைக்கு அடுத்தது பாதை. இம்மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொது வீதிகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை வேண்டி, 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் தம் மக்களோடு அள்ளிப் பருகினார். குளம் இயற்கை தந்த நீரைத் தாங்கியது. அதைச் சுற்றி நின்ற தடையோ மனிதன் எழுப்பியது. அத்தடையை அவர் தகர்த்தார்.

விடுதலைக்குப் பின், அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கியது. 1978ஆம் ஆண்டின் சட்டம், நம் மக்களுக்கென நிலம் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆனால், அவையும் பெரும்பாலும் ஊருக்குப் புறத்தேயே அமைந்தன. காலனி என்னும் பெயர் பெற்றன. நாளடைவில் அச்சொல்லும் சேரியின் கதியையே அடைந்தது. 1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டம் வேறு வழியைக் காட்டியது; 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்க்கும், ஏனையவை பிற வகுப்பினர்க்குமாக ஒரே தெருவில் கலந்து வாழ வகை செய்தது. 2025 ஏப்ரல் 29ஆம் நாள், காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நன்று. ஆனால், பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. வரைபடத்தை மாற்றுவதே அரிது. சேரி என்னும் நல்ல சொல்லே இழிசொல்லானதைக் கண்ட நாம், சொல்லின் பின்னே நிற்கும் இடத்தைத் திருத்தாமல் சொல்லை மட்டும் திருத்துவதால் அமைதி கொள்ள இயலாது.

வெள்ளம் காட்டியது

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் காஞ்சி மாவட்டத்திலும் சென்னையிலும் பெருவெள்ளம் புகுந்தது. ஏரியையும் வாய்க்காலையும் மறித்துக் கட்டியவற்றுக்கு நீர் தன் பழைய வழியைக் காட்டியது. நீர்நிலைகளைக் காத்தல் கட்டாயம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் அதற்கென வந்ததே. ஆனால், ஏரி ஓரத்து ஏழையின் குடிசையை ஆக்கிரமிப்பு என்று எழுதும்போது, அவன் அங்கே எவ்வாறு வந்தான் என்னும் வரலாற்றையும் எழுதுதல் நீதியாகும். மேட்டில் இடம் மறுக்கப்பட்டவனே பள்ளத்தில் குடியேறினான். அவனை அகற்றுவதற்கு முன் அவனுக்கு மேட்டில் மனை அளிப்பதே முறையான திட்டம்.

இளைஞர் கடமை

அன்புசால் இளைஞர்களே! மனிதன் வரைந்த கோட்டை மனிதனே திருத்தலாம் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம். அதற்கு மூன்று செயல்கள் வேண்டும்.

முதலாவது, உங்கள் ஊரின் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், நத்தம், புறம்போக்கு என்னும் சொற்கள் கிராம நிர்வாக அலுவலர்க்கு மட்டும் உரியன அல்ல. உங்கள் வீட்டு மனையின் சர்வே எண்ணும், சுடுகாட்டுப் பாதையின் எண்ணும் உங்கள் நாவில் நிற்றல் வேண்டும். அன்று கண்ணாறும் சதுக்கமும் அறிந்தவரே நிலத்தை ஆண்டனர்.

இரண்டாவது, நீரின் வழியை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் பெய்யும் மழை எவ்வழியாகச் சென்று எந்த ஏரியில் சேருகிறது? வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது? இதனைத் தாளில் வரைந்து காட்டும் இளைஞனுக்கு அதிகாரி விடை கூறியே ஆதல் வேண்டும்.

மூன்றாவது, அவைக்குச் செல்லுங்கள். அரசியல் சட்டத்தின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அன்று கால் வேலி நிலமும் வேதமும் கேட்ட அவையில், இன்று வாக்குரிமை ஒன்றே தகுதி. நமக்கென ஒதுக்கீடும் உண்டு. உத்திரமேரூர்ப் பேரூராட்சியில் வார்டு உறுப்பினரிடமும், சுற்றியுள்ள சிற்றூர்களில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையிலும், குடிநீர், தெருவிளக்கு, வடிகால், மனைப்பட்டா ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள், தீர்மானத்தில் ஏற்றுங்கள். இவ்வுரிமை விலையின்றி வந்ததன்று. மதுரை மாவட்டம் மேலவளவில், ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியை ஏற்ற முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்கள் உயிர் கொடுத்துக் காத்த நாற்காலியில் நாம் வாய்மூடி அமர்ந்திருத்தல் தகாது.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊட்டிவரும் எழுத்தறிவின் பயனும் இதுவே. குடவோலையில் நம் முன்னோர் பெயரை எவரும் எழுதவில்லை. இன்று ஓலையும் எழுத்தாணியும் நம் கையில் உள்ளன. இனி வரையப்படும் உத்திரமேரூரின் வரைபடத்தில் மேடும் பள்ளமும் நிலத்திற்கு மட்டும் உரியனவாகட்டும். மக்களுக்குள் அவை இல்லாதொழியட்டும்.

வாழ்க நம் கல்விக் கழகம்! வளர்க அதன் பணி!