மூடிய மலையின் கதை

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நான் இரவுப் பணி பார்த்த காலத்தில், பனிச்சரிவு பற்றித் தொலையச்சில் வரும் செய்திகளை நான்கு வரிகளாகச் சுருக்கி, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் மூலையில் இட்டுவிடுவோம். இடத்தின் பெயர், இறந்தோர் தொகை, அவ்வளவுதான். பனியையே கண்டிராத வாசகருக்கு இதற்குமேல் எதற்கு என்பது எமது எண்ணம். அது தவறான எண்ணம் என்பதைப் பின்னாளில் வாசித்த ஒரு வரலாறு எனக்கு உணர்த்திற்று.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அல்டா என்றொரு மலைப்பள்ளத்தாக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கு வெள்ளி அகழ வந்த தொழிலாளர் பலர் பனிச்சரிவில் மாண்டனர். சுரங்கங்கள் ஓய்ந்தபின், 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே சரிவுகளில் பனிச்சறுக்குவோரை ஏற்றிச் செல்லும் கம்பிவட நாற்காலிகள் இயங்கத் தொடங்கின. காடு அரசாங்கத்துக்கு உரியது. ஆகவே வருவோரின் பாதுகாப்பும் வனத்துறையின் பொறுப்பாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின் அங்கு பணிக்கு வந்தவர் மொண்டி அட்வாட்டர். அமெரிக்க இராணுவத்தின் 10ஆவது மலைப்படைப் பிரிவில் இருந்தவர். அவருக்கு முன்னர் இருந்த வழி ஒன்றே: ஆபத்தென்று தோன்றினால் மலையை மூடிவிட்டுக் காத்திருப்பது. அவரோ பனியின் படைகளையும் காற்றையும் வெப்பநிலையையும் நாள்தோறும் குறித்துவைத்து ஆராய்ந்தார். 1949இல் பழைய பிரெஞ்சுப் பீரங்கி ஒன்றைக் கொண்டு, ஆளில்லாத வேளையில் சரிவை நோக்கிச் சுடுவித்துப் பனியை வீழ்த்தும் முறை அங்கு பரீட்சிக்கப்பட்டது. முதலில் மூடுதல், பின் வீழ்த்துதல், அதன்பின் திறத்தல் என்ற ஒழுங்கு இவ்வாறு உருப்பெற்றது. இன்று பனிச்சறுக்கு மலைகளில் குறுக்கே கட்டப்படும் கயிறும் "மூடப்பட்டுள்ளது" என்ற பலகையும் இந்த வரலாற்றின் சின்னங்களே. அக்கயிறு வெறும் தடையன்று. அதற்கப்பால் வேலை இன்னும் முடியவில்லை என்ற அறிவிப்பு.

ஆனால் கயிறு மனிதர் கட்டியது. மலை அதற்குக் கட்டுப்பட்டதன்று. இதற்குச் சாட்சியாக நிற்பது கலிபோர்னியாவில் டாஹோ ஏரியருகே உள்ள அல்பைன் மெடோஸ்.

1982 மார்ச் மாத இறுதியில் அங்கு நாட்கணக்கில் பெரும் பனிப்புயல் வீசியது. மலைக்குப் பொறுப்பாயிருந்த பேர்னி கிங்கெரி அனுபவம் மிக்கவர். 31ஆம் திகதி மலை முற்றாக மூடப்பட்டது. வாடிக்கையாளர் எவரும் சறுக்கவில்லை. எனினும் அன்று பிற்பகல் சரிந்த பனி, மலையோடு நில்லாமல் அடிவாரத்துக்கே வந்து, பணியாளர் இருந்த கட்டடத்தைத் தகர்த்து, வாகனத் தரிப்பிடத்தையும் மூடிற்று. எழுவர் மாண்டனர். கிங்கெரியும் அவர்களுள் ஒருவர். தரிப்பிடத்தில் நடந்து சென்றோரும் இறந்தனர்.

அன்னா கொன்ராட் என்ற 22 வயது ஊழியர் கட்டட இடிபாட்டினுள் சிறு இடைவெளியில் சிக்கிக்கொண்டார். அவருடன் வந்த நண்பர் இறந்துபோனார். அன்னா பனியை உண்டு உயிர் தாங்கினார். மேலே தேடுவோரின் ஓசை அவருக்குக் கேட்டது. அவர் கூவியது அவர்களுக்குக் கேட்கவில்லை. இங்கேதான் கதையின் கொடிய முடிச்சு இருக்கிறது. மீண்டும் சரிவு வரலாம் என்ற அச்சத்தால் தேடுதலையே இடைநிறுத்த வேண்டியதாயிற்று. மீட்போரின் உயிரைக் காப்பதற்காக மலை இன்னொரு தடவை மூடப்பட்டது. கீழே ஒருத்தி உயிரோடிருந்தாள். அந்த முடிவைப் பிழையென்று சொல்ல எவரால் இயலும்?

பனியில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அரை மணி கடந்தால் நம்பிக்கை விரைந்து தேய்ந்துவிடும். அன்னா 117 மணித்தியாலங்களின் பின், ஏப்ரல் 5ஆம் திகதி மீட்கப்பட்டார். பிரிட்ஜெட் என்ற மோப்பநாய் அவ்விடத்தைக் காட்டிக் கொடுத்தமை குறிப்பிடத்தக்கது. உறைபனியால் ஒரு காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியையும் மறுகாலின் விரல்களையும் அவர் இழந்தார். எனினும் பின்னர் மீண்டும் சறுக்கினார்.

சறுக்குமலை எல்லைக்கு வெளியே சென்று இறப்போரில் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ கிளப்பிய சரிவிலேயே இறக்கின்றனர். அத்தகையோருக்குக் கயிற்றின் பொருள் தெளிவானது: தாண்டாதே. அல்பைன் மெடோஸ் கற்பித்த பாடம் வேறு. அங்கே கயிறு சரியாகவே கட்டப்பட்டிருந்தது. ஆனால் ஆபத்தின் எல்லை அதற்கு வெளியே இருந்தது. எல்லை வகுப்போர் தாம் வகுத்த கோட்டையே இறுதி எனக் கொள்ளலாகாது என்பதே அது.

மலை மூடப்பட்டதென்று சினந்து திரும்புவோர் இன்றும் உளர். வீணாகிப்போன அவர்களது ஒருநாளுக்குப் பின்னால் எத்தனை பேரின் மரணம் உண்டு என்பதை அந்தப் பலகை சொல்வதில்லை. நான்கு வரிகளில் நாங்கள் எழுதிய செய்தியும் சொன்னதில்லை.